ஜி.ஆர்.இ. பவர்ப்ரெப்: இரண்டே இரண்டு இலவசத் தேர்வுகள், வீணாக்காமல் எழுதுவது எப்படி

அமெரிக்காவில் எம்.எஸ்., பிஎச்.டி. படிக்க விண்ணப்பிக்கிறவர்கள் எழுதும் ஜி.ஆர்.இ. பொதுத் தேர்வுக்கு மாதிரித் தேர்வுகள் கொட்டிக் கிடக்கின்றன. கோச்சிங் சென்டர்கள் ஆளுக்குப் பத்து வைத்திருக்கின்றன, செயலிகள் நூற்றுக்கணக்கான கேள்விகளைத் தருகின்றன. ஆனால் தேர்வை நடத்துகிற ஈ.டி.எஸ். நிறுவனமே கணினியில் எழுதத் தரும் மாதிரித் தேர்வு பவர்ப்ரெப் ஆன்லைன் மட்டும்தான். அதில் முழு நீளத் தேர்வு இரண்டு இலவசம். இவற்றுக்கு ஈடான பயிற்சித் தேர்வை எந்தத் தனியார் நிறுவனமும் காசுக்குக்கூடத் தருவதில்லை என்பது எங்கள் முடிவு. கூடவே ஒரு வருத்தமும் உண்டு. இந்த இரண்டையும் தயாரிப்பின் முதல் வாரத்திலேயே, கையில் டீயும் பக்கத்தில் போனுமாக எழுதி முடித்துவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவு உயர்த்திச் சொல்லக் காரணம் கேள்விகளின் தரம். ஈ.டி.எஸ். ஒரு கேள்வியை மதிப்பெண்ணுக்கு வைப்பதற்கு முன் நிஜத் தேர்வர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்க்கிறது. தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட பிழையைச் செய்கிறவர் போய் விழுவதற்காகவே வைக்கப்பட்டிருக்கும். தனியார் தேர்வுகளில் கணிதம் கடினமாக இருக்கும். அந்தக் கடினம் பெரும்பாலும் நீளமான பெருக்கல் வகுத்தலில் இருந்து வருவது. ஜி.ஆர்.இ.யின் கடினம் வேறு வகை. கேள்வி இரண்டு வரிதான் இருக்கும், கணக்கு அரை நிமிடத்தில் முடியும், ஆனால் எதைக் கேட்கிறார்கள் என்று கவனிக்காமல் விட்டால் விடை போய்விடும். வெர்பலில், அதாவது ஆங்கில மொழித்திறன் பகுதியில், இந்த வித்தியாசம் இன்னும் பெரியது. வாசிப்புப் பகுதியில் நான்கு தவறான விடைகளையும் நியாயமாகத் தவறாக்குவது எளிதில் போலி செய்ய முடியாத வேலை. தனியார் கேள்விகளில் ‘இதுவும் சரிதானே’ என்று வாதாட இடமிருக்கும். ஈ.டி.எஸ். கேள்வியில் பத்தியைத் திரும்பப் படித்தால் அந்த வாதம் ஒரு சொல்லில் அடிபட்டுப் போவதைப் பார்க்கலாம்.

தொடங்குவதற்கு ஈ.டி.எஸ். இணையதளத்தில் கணக்கு ஒன்று இருந்தால் போதும். தேர்வுக் கட்டணம் கட்டியிருக்கத் தேவையில்லை. ஆனால் நாளைக்குத் தேர்வுக்குப் பதிவு செய்யப் போவதும் இதே கணக்கில்தான் என்பதை நினைவில் வையுங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, எழுத்துக்கு எழுத்து அப்படியே கொடுக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பெயர்களில் இங்கேதான் சிக்கல் வருகிறது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் இருக்கும், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து குடும்பப் பெயர் இடத்தில் உட்கார்ந்திருக்கும், அல்லது அந்த இடமே காலியாக இருக்கும். பயிற்சிக்குத்தானே என்று இனிஷியலோடு கணக்குத் திறந்துவிட்டு, பிறகு அதிலேயே பதிவு செய்கிறவர்கள் தேர்வு மையத்தின் வாசலில் மாட்டிக்கொள்வார்கள். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், எந்தக் கட்டத்தில் அதை நிரப்புவது என்று பணம் கட்டும் முன்பே ஈ.டி.எஸ்.ஸிடம் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப்பில் எழுதுங்கள், போனில் முயலவே வேண்டாம். 2023 செப்டம்பர் 22 முதல் ஜி.ஆர்.இ. சுருங்கிவிட்டது. 3 மணி 45 நிமிடமாக இருந்த தேர்வு இப்போது 1 மணி 58 நிமிடம், இடைவேளை கிடையாது. பவர்ப்ரெப்பும் இந்தப் புதிய அமைப்பில்தான் இருக்கிறது. முதலில் 30 நிமிடத்தில் ஒரு கட்டுரை. பிறகு வெர்பலில் இரண்டு பகுதிகள்: 18 நிமிடத்தில் 12 கேள்விகள், 23 நிமிடத்தில் 15 கேள்விகள். க்வான்டில், அதாவது கணிதத்தில், இரண்டு பகுதிகள்: 21 நிமிடத்தில் 12, 26 நிமிடத்தில் 15. வெர்பலும் க்வான்டும் எந்த வரிசையிலும் வரலாம், கட்டுரை மட்டும் எப்போதும் முதலில். இரண்டுக்கும் தனித்தனியாக 130 முதல் 170 வரை மதிப்பெண், கட்டுரைக்கு 0 முதல் 6 வரை அரை அரையாக. சீனியர் கொடுத்த பழைய நோட்ஸில் ‘ஆர்கியுமென்ட்’ என்ற இரண்டாவது கட்டுரைக்கு டெம்ப்ளேட் இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடுங்கள். அந்தக் கட்டுரை இப்போது இல்லை.

முதல் பகுதியில் எப்படிச் செய்தீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டாம் பகுதியின் கடினம் மாறும். ஒரு பகுதிக்குள் கேள்விகள் மாறாது, எல்லாவற்றுக்கும் சம மதிப்பு, தவறுக்கு மைனஸ் மார்க் இல்லை. ஆகவே ஒரு பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம், கேள்வியை ‘மார்க்’ செய்து வைத்துவிட்டுத் திரும்பி வரலாம். ‘ரிவ்யூ’ என்ற பொத்தானை அழுத்தினால் எல்லாக் கேள்விகளின் பட்டியலும் வரும். அதில் விடை கொடுத்தது, கொடுக்காதது தவிர ‘இன்கம்ப்ளீட்’ என்று ஒரு நிலையும் இருக்கும். இரண்டு விடை தேர்ந்தெடுக்க வேண்டிய கேள்வியில் ஒன்றை மட்டும் தொட்டுவிட்டு நகர்ந்தவர்களுக்கு அது தெரியும். பகுதி முடிய 40 விநாடி இருக்கும்போது இந்தப் பட்டியலை ஒரு முறை திறப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டால், தெரிந்த கேள்வி கைநழுவிப் போகாது. இன்னொரு சின்ன விஷயம்: விடைக்கு முன்னால் நீள்வட்டம் இருந்தால் ஒரே விடை, சதுரம் இருந்தால் ஒன்றோ பலவோ. பவர்ப்ரெப்பில் பழகியவர்கள் அறிவுறுத்தலைப் படிக்கும் முன்பே கண்ணால் இதைப் பிரித்துவிடுவார்கள். பல விடைக் கேள்வியில் பாதி சரிக்குப் பாதி மார்க் கிடையாது. மூன்றும் சரி என்றால் மூன்றையும் தொட வேண்டும்.

இந்தக் கருவியிலேயே மிகவும் பயனுள்ளது எது என்று கேட்டால், திரையில் வரும் அந்தச் சின்னக் கால்குலேட்டரைச் சொல்லலாம். நிஜத் தேர்விலும் இதேதான், சொந்தக் கால்குலேட்டர் அனுமதி இல்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம், அடைப்புக்குறி, ஒரு மெமரி, அவ்வளவே. 1 + 2 × 4 என்று அடித்தால் 9 தரும். கடையில் வாங்கும் சாதாரணக் கால்குலேட்டர் இடமிருந்து வலமாகப் போட்டு 12 என்று காட்டும். அதில் பழகிய விரலோடு போகிறவர்களுக்கு முதல் இரண்டு கணக்கு இடறும். திரையில் எட்டு இலக்கத்துக்கு மேல் இடமில்லை. விடை அதைத் தாண்டினால் ‘எர்ரர்’ என்று வரும். 2-ஐ 30 முறை பெருக்கினால் பத்து இலக்கம் வருகிறது, கால்குலேட்டரால் முடியாது. அப்படிப்பட்ட கேள்வியில் அடுக்கு விதிகளைப் போட்டு வெட்டுகிறார்களா என்றுதான் பார்க்கிறார்கள். மிகச் சிறிய எண்ணாக இருந்தால், 0.0000001-க்குக் கீழே போனதும் சத்தமில்லாமல் 0 என்று காட்டிவிடும். அது எர்ரரை விட ஆபத்து.

கால்குலேட்டரின் அடியில் ‘ட்ரான்ஸ்ஃபர் டிஸ்ப்ளே’ என்று ஒரு பொத்தான். விடையை நேரடியாக டைப் செய்ய வேண்டிய கேள்விகளில், ஒரே கட்டம் இருந்தால், திரையில் உள்ள எண்ணை இது அப்படியே கட்டத்துக்குள் கொண்டுபோய் வைக்கும். கை தவறி இலக்கம் மாறாமல் இருக்க நல்ல வசதி. ஆனால் கேள்வி ‘0.1க்குத் திருத்தமாக’ என்று கேட்டிருந்து, திரையில் 3.6666667 இருந்து, பொத்தானை அழுத்திவிட்டால் விடை தவறு, 3.7 என்று கையால் மாற்ற வேண்டும். கட்டத்துக்குப் பக்கத்தில் சதவீதக் குறி ஏற்கெனவே அச்சாகி இருக்கும்போது 25-க்குப் பதில் 0.25 என்று போடுவது இதே வகைப் பிழை. பின்னமாகக் கேட்டால் மேலும் கீழுமாக இரண்டு கட்டம் வரும், அங்கே சுருக்கத் தேவையில்லை. 3-இன் கீழ் 5 என்பதற்கு 6-இன் கீழ் 10 என்று போட்டாலும் ஏற்கும். சுருக்குவதில் இருபது விநாடி செலவழிக்க வேண்டாம்.

க்வான்டில் இன்ஜினியரிங் படித்தவர்கள் அதிகம் இழப்பது, எளிதாகத் தெரிகிற ஒப்பீட்டுக் கேள்விகளில்தான். இரண்டு அளவுகள் கொடுப்பார்கள். முதலாவது பெரிது, இரண்டாவது பெரிது, இரண்டும் சமம், சொல்ல முடியாது என்ற நான்கு விடைகள் ஒருபோதும் மாறாது. x-இன் வர்க்கம் 9. ஒரு பக்கம் x, மறுபக்கம் 3. ‘சமம்’ என்று கை போய்விடும். x, −3 ஆகவும் இருக்கலாமே, எனவே விடை ‘சொல்ல முடியாது’. இன்னொன்று: x பூச்சியத்தைவிடப் பெரிது, ஒரு பக்கம் x, மறுபக்கம் x-இன் வர்க்கம். 2 போட்டால் வர்க்கம் பெரிது, அரை போட்டால் x பெரிது, 1 போட்டால் சமம். x போன்ற மாறி உள்ள எந்த ஒப்பீட்டிலும் நேர் முழு எண், 0, 1, அரை, −1 ஆகிய ஐந்தையும் போட்டுப் பார்க்காமல் விடை தொடாதீர்கள். கேள்வியில் ‘முழு எண்’ என்று எழுதியிருந்தால்தான் அது முழு எண். மறுபுறம், இரண்டு பக்கமும் மாறியே இல்லாமல் வெறும் எண்களாக இருந்தால் ‘சொல்ல முடியாது’ என்பது விடையாக இருக்கவே முடியாது. விடை தெரியாவிட்டாலும் மூன்றில் ஒன்று என்றாகிவிடும்.

வடிவியல் படங்களை நம்பாதீர்கள். அளவுப்படி வரையப்பட்டிருக்க வேண்டிய கட்டாயம் அவற்றுக்கு இல்லை என்று தேர்வின் அறிவுறுத்தலே சொல்கிறது. செங்கோணம் போலத் தெரிகிற கோணத்துக்கு அந்தச் சின்னச் சதுரக் குறி இல்லையென்றால் அது 89 பாகையாகவும் இருக்கலாம். ஆனால் எண் கோடு, ஆயத்தொலைவு வரைபடம், தரவு வரைபடம் மூன்றும் அளவுப்படி இருப்பவை, கண்ணால் மதிப்பிடலாம். தரவு வரைபடக் கேள்விகள் கொத்தாக வரும். அங்கே பொறி பெரும்பாலும் சதவீதத்தில் இருக்கிறது. 40 சதவீதம் 50 ஆனால் அது 10 சதவீதப் புள்ளி உயர்வு, ஆனால் 25 சதவீத அதிகரிப்பு. விடைகளில் இரண்டும் இருக்கும்.

வெர்பல் பக்கம் போனால், தமிழ்நாட்டுத் தேர்வர்கள் சொல் பட்டியலை மனப்பாடம் செய்வதற்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியைப் பவர்ப்ரெப்பின் விடைப் பட்டியலுக்குக் கொடுத்தால் அதிகம் கிடைக்கும். காரணம், அரிய சொற்களைவிடத் தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்தான் கவிழ்க்கிறது. ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று தினமும் சொல்கிறோம். அதனால் ‘சாங்ஷன்’ என்றால் அனுமதி என்று மனதில் பதிந்துவிட்டது. தடை, தண்டனை என்ற நேர் எதிர்ப் பொருளும் அதற்கு உண்டு. ‘க்வாலிஃபைடு’ என்றால் தகுதி பெற்றவர். ஆனால் ‘க்வாலிஃபைடு சப்போர்ட்’ என்று பத்தியில் வந்தால் நிபந்தனையோடு கூடிய, முழு மனதில்லாத ஆதரவு. ‘டிஸ்க்ரிமினேட்டிங்’ என்றால் பாகுபாடு காட்டுவது என்று நினைத்து எதிர்மறைச் சொல்லாக ஒதுக்கிவிடுவோம். நல்லது கெட்டது பிரித்தறியும் நுண்ரசனையையும் அது குறிக்கும். சரியான விடையை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், ஒவ்வொரு கேள்வியிலும் தவறான விடையாக வந்த சொற்களையும் வாக்கியத்தோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த தேர்வில் அவை சரியான விடையாக வரத் தகுதியுள்ளவை.

ஆறு சொற்களில் இரண்டைத் தேர்ந்தெடுக்கும் வாக்கியச் சமன் கேள்வியில் ஒரு பொறி திரும்பத் திரும்ப வரும். ஒன்றுக்கொன்று ஒத்த பொருளுள்ள இரண்டு சொற்கள் கண்ணில் பட்டதும் வாக்கியத்தைப் படிக்காமல் தொட்டுவிடுகிறோம். ஆறில் இரண்டு ஜோடி இருக்கும், ஒரு ஜோடிதான் வாக்கியத்தில் உட்காரும். முதலில் விடைகளைக் கையால் மறைத்துக்கொண்டு, காலி இடத்தில் என்ன வரலாம் என்று தமிழிலாவது ஒரு சொல்லைப் போட்டுப் பாருங்கள். பிறகு அதற்குப் பொருந்தும் ஜோடியைத் தேடுங்கள். ‘ஆனால்’, ‘இருந்தாலும்’ என்ற பொருள் தரும் இணைப்புச் சொல்லும், அரைப்புள்ளி, முக்காற்புள்ளி போன்ற குறிகளும்தான் வழிகாட்டி. பல காலி இடங்கள் உள்ள கேள்வியில் முதல் இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பதில்லை. துப்பு எங்கே தெளிவாக இருக்கிறதோ அந்த இடத்தை முதலில் நிரப்புங்கள். மூன்றில் இரண்டு சரியாக இருந்தாலும் மார்க் பூச்சியம்தான்.

நேரத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. முதல் க்வான்ட் பகுதியில் 21 நிமிடம். நான்காவது கேள்வி முடிகையில் டைமரில் 14 இருக்க வேண்டும், எட்டாவது முடிகையில் 7. முதல் வெர்பல் பகுதியில் அதே இடங்களில் 12, 6. இரண்டாம் பகுதிகளில் ஐந்தாவது, பத்தாவது கேள்விகளில் பாருங்கள்: க்வான்டில் ஏறக்குறைய 17, 9; வெர்பலில் 15, 8. இந்த எட்டு எண்களைத் தேர்வு தொடங்கியதும் ரஃப் தாளின் மூலையில் எழுதிவிட்டால் ஒவ்வொரு கேள்விக்கும் டைமரைப் பார்க்கும் பதற்றம் போய்விடும். வெர்பலில் கேள்விக்கு 90 விநாடி என்பது சராசரிதான். ஒற்றைக் காலி இடம் 40 விநாடியில் முடிய வேண்டும், அப்போதுதான் நீளமான பத்திக்கு மிச்சம் இருக்கும். நீளப் பத்தியை முதலில் தாண்டிவிட்டுக் கடைசியில் திரும்பி வருவதில் தவறே இல்லை. ஆனால் தாண்டும்போதே ஏதாவது ஒரு விடையைத் தொட்டு, மார்க் செய்துவிட்டுப் போங்கள்.

குறைகளுக்கு வருவோம். முதல் குறை பெரியது: இலவசத் தேர்வுகளில் எது சரியான விடை என்று காட்டுவார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். க்வான்டில் விடையை வைத்துப் பின்னோக்கிப் போய்க் காரணத்தைக் கண்டுபிடித்துவிடலாம். வெர்பலில் அது கஷ்டம். தன் விடை ஏன் தவறு என்று புரியாமலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். ஈ.டி.எஸ். வெளியிடும் அச்சுப் புத்தகங்களில் விடைக்கான விளக்கங்கள் இருக்கின்றன. அவர்கள் விளக்குகிற பாணியை, அதாவது பத்தியின் எந்தச் சொல்லைக் காட்டி எந்த விடையை நீக்குகிறார்கள் என்பதை, முதலில் அந்தப் புத்தகங்களில் பழகிக்கொண்டு, பிறகு பவர்ப்ரெப்பின் தவறுகளுக்கு நீங்களே அதே பாணியில் விளக்கம் எழுதுங்கள். ஒரு கேள்விக்கு மூன்று வரி போதும்.

இரண்டாவது குறை கட்டுரை. இலவசத் தேர்வில் எழுதிய கட்டுரைக்கு மதிப்பெண் வராது. வெவ்வேறு மதிப்பெண் பெற்ற மாதிரிக் கட்டுரைகளும், அவற்றுக்கு ஏன் அந்த மதிப்பெண் என்ற குறிப்புகளும் மட்டும் கிடைக்கும். இதைக் குறை என்று ஒதுக்கிவிடாமல், 4 பெற்றதையும் 6 பெற்றதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். இரண்டிலும் ஆங்கிலம் நன்றாகத்தான் இருக்கும். 4-இல் உதாரணம் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவார். 6-இல் அந்த உதாரணம் தன் கருத்தை எப்படித் தாங்குகிறது, எங்கே தாங்கவில்லை என்று இரண்டு வாக்கியம் கூடுதலாக எழுதியிருப்பார். தலைப்புக்குக் கீழே வரும் அறிவுறுத்தலும் முக்கியம். அது ஆறு வகையில் ஒன்றாக இருக்கும். ஒன்று உங்கள் நிலைப்பாட்டை எதிர்க்கக்கூடிய வலுவான காரணங்களுக்குப் பதில் சொல்லச் சொல்லும், இன்னொன்று ஒரு கொள்கையை நடைமுறைப்படுத்தினால் வரும் விளைவுகளைக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ஒரே டெம்ப்ளேட்டில் எழுதுகிறவர்கள் இங்கே இழக்கிறார்கள். தேர்வில் வரக்கூடிய தலைப்புகளின் முழுத் தொகுப்பையும் ஈ.டி.எஸ். தன் தளத்திலேயே வைத்திருக்கிறது. அதிலிருந்து வாரம் இரண்டு எடுத்து, நான்கு நிமிடம் திட்டம், 22 நிமிடம் எழுத்து, நான்கு நிமிடம் திருத்தம் என்று பவர்ப்ரெப் போன்ற வெறும் எடிட்டரில் எழுதுங்கள். வெட்டி ஒட்டவும் செய்ததை ரத்து செய்யவும் முடியும். எழுத்துப்பிழையைச் சிவப்புக் கோடு போட்டுக் காட்டாது.

மூன்றாவது, திரும்ப எழுதினால் அதே கேள்விகள்தான். இரண்டாம் முறை ஸ்கோர் ஏறும், அது ஞாபகத்தின் ஸ்கோர். ஆனால் ஒரு வழி இருக்கிறது. முதல் முறை நன்றாக எழுதிக் கடினமான இரண்டாம் பகுதியைப் பார்த்தவர், மறுமுறை முதல் பகுதியில் வேண்டுமென்றே தவறு செய்தால் எளிதான வேறு கேள்விகள் கொண்ட இரண்டாம் பகுதி திறக்கும். முதல் முறை சுமாராக எழுதியவர், இப்போது தெரிந்த விடைகளைப் போட்டுக் கடினமான பகுதியைத் திறக்கலாம். ஸ்கோரை மறந்துவிட்டு, இன்னும் பார்க்காத அசல் கேள்விகளாக மட்டும் இவற்றை எடுத்துக்கொண்டால் இலவசத்திலேயே கூடுதல் பயிற்சி கிடைக்கும்.

நான்காவது ஒரு பொத்தான். மேல் பட்டையில் ‘க்விட் வித் சேவ்’ என்று இருக்கும். பாதியில் நிறுத்திவிட்டுப் பிறகு தொடரலாம். கரண்ட் போனால் உதவும், மற்றபடி தொடவே கூடாது. 1 மணி 58 நிமிடம் ஒரே மூச்சில் உட்கார்ந்து, கடைசிப் பகுதியின் பத்தாவது கேள்வியில் மூளை எப்படி மந்தமாகிறது என்று தெரிந்துகொள்வதுதான் இந்தத் தேர்வின் பாதிப் பயன்.

எப்போது எழுதுவது? பத்து வாரத் தயாரிப்பு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள், நேரக் கட்டுப்பாடு இல்லாத முன்னோட்டக் கருவியைத் திறந்து கேள்வி வகைகளையும் திரையையும் மட்டும் பழகுங்கள். முதல் மூன்று வாரம் ஈ.டி.எஸ். இலவசமாகத் தரும் மேத் ரிவ்யூ பி.டி.எஃப்.: எண் கணிதம், இயற்கணிதம், வடிவியல், தரவுப் பகுப்பாய்வு என்று நான்கே அத்தியாயம். க்வான்ட் இந்த எல்லையைத் தாண்டாது. தொடக்க நிலையை அளக்க அச்சுப் புத்தகத்தில் உள்ள தேர்வு போதும். நான்காவது வார முடிவில் பவர்ப்ரெப் முதல் தேர்வு. பிறகு குறைந்தது ஒரு வாரம் புதுக் கேள்வியே எடுக்காமல் அதன் தவறுகளோடு இருங்கள். ஒவ்வொரு தவறுக்கும் காரணத்தை ஒரே சொல்லில் எழுதுங்கள்: தெரியாது, தவறாகப் படித்தேன், கணக்குப் பிழை, நேரம், ஊகம். ஊகித்துச் சரியானவற்றையும் இதில் சேருங்கள். ‘தவறாகப் படித்தேன்’ என்பது ஐந்துக்கு மேல் இருந்தால் புதிதாக எந்தப் பாடமும் படித்துப் பயனில்லை. கேட்பதை ரஃப் தாளில் எழுதிவிட்டுக் கணக்குத் தொடங்கும் பழக்கம்தான் மருந்து. பவர்ப்ரெப் இரண்டாம் தேர்வை நிஜத் தேர்வுக்கு ஏழிலிருந்து பத்து நாள் முன்பு, உங்களுக்கு ஸ்லாட் கிடைத்திருக்கும் அதே நேரத்தில் எழுதுங்கள். அதில் வரும் ஸ்கோரை நம்பலாம், நிஜ ஸ்கோர் பெரும்பாலும் அதை ஒட்டியே இருக்கும்.

காசு கொடுத்து வாங்கும் பவர்ப்ரெப் ப்ளஸ் மூன்று இருக்கின்றன, ஒன்று 40 டாலரை ஒட்டி. ஒரு முறைதான் எழுத முடியும். விளக்கங்கள் உண்டு, கட்டுரைக்கும் மென்பொருள் வழியாக மதிப்பெண் வரும். மூன்றையும் வாங்குவது பெரும்பாலோருக்கு வீண் செலவு. இரண்டு இலவசத் தேர்வுக்கும் நடுவில் ஒன்று வாங்கினால் போதும், அதுவும் வெர்பல் உங்களுக்குப் பலவீனமாக இருந்து, விளக்கங்களை உட்கார்ந்து படிக்கிற பொறுமை இருந்தால். க்வான்டுக்காக மட்டும் வாங்க வேண்டாம். வாங்கும் முன் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா என்று வங்கிச் செயலியில் பார்த்துவிடுங்கள். பணம் நிராகரிக்கப்படுவது பெரும்பாலும் இதனால்தான்.

பவர்ப்ரெப் சொல்லித் தராத சிலவும் உண்டு. தேர்வு மையத்தில் ரஃப் தாள் அவர்களே தருவார்கள், உங்கள் தாளுக்கு அனுமதி இல்லை. வீட்டிலிருந்து எழுதுகிறவர்களுக்கு வெறும் தாளில் எழுத அனுமதி இல்லை. சின்ன ஒயிட்போர்டு ஒன்று, அல்லது ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த ஒரு தாள், அழியும் மார்க்கர் பேனா, அவ்வளவுதான். மார்க்கரில் எழுத்து பெரிதாக வரும், இரண்டு கணக்கில் பலகை நிரம்பிவிடும். அப்படி எழுதப் போகிறவர்கள் பவர்ப்ரெப் இரண்டையும் அதே பலகையில் எழுத வேண்டும். நோட்டில் எழுதிப் பழகிவிட்டு அன்று பலகைக்கு மாறினால் நேரக் கணக்கு குலையும். தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை அனுப்புவதா, ரத்து செய்வதா என்று கேட்பார்கள், ஸ்கோரைக் காட்டுவதற்கு முன்னாலேயே. ரத்து செய்யாதீர்கள். ஸ்கோர்செலக்ட் வசதியில் எந்தத் தேர்வின் ஸ்கோரை அனுப்புவது என்று பிறகு நீங்களே தேர்ந்தெடுக்கலாம். வெர்பலும் க்வான்டும் அங்கேயே திரையில் தெரியும். கட்டுரையோடு சேர்ந்த முழு முடிவு 8 முதல் 10 நாளில் வரும்.

மறுபடி எழுத 21 நாள் இடைவெளி வேண்டும், தொடர்ச்சியான 12 மாதத்தில் ஐந்து முறை வரை எழுதலாம். டிசம்பர் 1 அல்லது 15 கடைசி நாளாக உள்ள படிப்புகளுக்கு, முதல் முயற்சியை அக்டோபர் தொடக்கத்துக்குள் வைத்தால் இரண்டாவதுக்கு இடம் இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு வேலை. நீங்கள் விண்ணப்பிக்கப் போகும் துறைகளின் பக்கங்களைத் திறந்து ஜி.ஆர்.இ. கட்டாயமா, விருப்பமா, பார்க்கவே மாட்டோம் என்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். 2020-க்குப் பிறகு பல துறைகள் கேட்பதை விட்டுவிட்டன, ஒரே பல்கலைக்கழகத்தில் ஒரு துறை கேட்கும், பக்கத்துத் துறை கேட்காது. உங்கள் பட்டியலில் ஒருவருமே கேட்கவில்லை என்றால் அந்தப் பத்து வாரத்தைப் படிப்பு நோக்க அறிக்கைக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுங்கள்.